மஞ்சள் பிடி ரம்பம்

வெரிட்டி குவார்ம்பியின் ரம்பங்களைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் விலை கேட்பார்கள். ஒட்டுப்பலகையில் அறுத்த பிடிக்கு மீன்பிடிப் படகுக்கு அடிக்கும் மஞ்சள் பெயின்ட். முதுகில் கறுத்த இரும்புப் பட்டை. விலை தொண்ணூறு டாலர். பற்களை மட்டும் அவள் வேறு யார் கையிலும் விட்டதில்லை. ஹோபார்ட் படகுத் துறையில் இருபது வருஷம் ரம்பம் தீட்டியவள். தன் ரம்பத்தைவிட நன்றாக அறுக்கும் ரம்பம் டாஸ்மேனியாவில் கிடையாது என்று சொல்லுவாள். அதைச் சொல்ல அவள் கூச்சப்பட்டதே இல்லை.

ஹூவான் ஆற்றங்கரையில் அந்த வருஷம் நடந்த மரவேலைச் சந்தையில் அவளுக்குப் பக்கத்துக் கடை லாக்லன் டோபிக்கு. அவன் ரம்பங்கள் வெல்வெட் துணிமேல் படுத்திருந்தன. அலையலையாய் வரி ஓடும் கருமரப் பிடி, அதில் செதுக்கிய பூங்கொடி, முகம் பார்க்கிற மாதிரி பித்தளை முதுகு. ஒன்று நானூற்றைம்பது டாலர். கூட்டம் அங்கேதான்.

"ஏன் வெரிட்டி, இது ரம்பமா, குழந்தை விளையாடுற மண்வெட்டியா?" என்றான் லாக்லன், சிப்பிக்கறி அடைத்த பேஸ்ட்ரியைக் கடித்துக்கொண்டே.

"என்னோடது மரத்தை அறுக்கும். உன்னோடது பர்ஸை அறுக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லாக்லனும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மர்ரே பைபஸ் வந்தார். ஆற்றுக்கு மேல்கரையில் படகு கட்டக் கற்றுத்தரும் பட்டறை அவருடையது. மாணவர்களுக்குப் பன்னிரண்டு ரம்பம் வேண்டும் என்றார். அவர் கண் லாக்லன் கடைப் பக்கமே போனதை வெரிட்டி கவனித்தாள்.

"மர்ரே, கண்ணால வாங்காத. ரெண்டோட பிடியிலயும் முதுகுலயும் துணியைச் சுத்தித் தர்றேன். அறுத்துப் பாத்துட்டு வாங்கு."

"எனக்கும் சம்மதம்," என்றான் லாக்லன். பின்வாங்கினால் ஊர் சும்மா விடுமா?

காய்ந்த கருமரக் கட்டை ஒன்றைப் பிடிமேசையில் இறுக்கினார்கள். முதல் ரம்பம் சரசரவென்று கோட்டோடு கோடாக இறங்கிப் போயிற்று. இரண்டாவது பாதி தூரம் போய்க் கவ்விக்கொண்டது. மர்ரே இழுத்தார், தள்ளினார், கடைசியில் உருவி எடுத்தார். துணியை அவிழ்த்துப் பார்த்தால் கவ்வியது லாக்லனின் பித்தளை முதுகு ரம்பம். கூட்டம் கைதட்டியது. வெரிட்டி இதை எதிர்பார்த்தவள்போல டீயை ஒரு வாய் குடித்தாள்.

"அறுக்கறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல வெரிட்டி," என்றார் மர்ரே. ஆனால் அதோடு விடவில்லை. துணி இல்லாத மஞ்சள் பிடியைப் பிடித்து இன்னும் நாலைந்து வெட்டு அறுத்தார். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. "இது என்ன? என் பசங்க சாயங்காலம் வரைக்கும் அறுக்கணுமே."

"கை காய்ச்சுப் போயிட்டா சரியாயிடும்."

"உனக்குக் காய்ச்சுப் போச்சு. அவங்களுக்கு?"

வெரிட்டி லாக்லனின் ரம்பத்தை எடுத்தாள். அதுவரை அதைத் தொட்டதுகூட இல்லை. பூங்கொடியைப் பார்த்தே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிடி உள்ளங்கைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. பூ அழகுக்குத்தான். ஆனால் அந்த வளைவு அழகுக்காக மட்டும் வைத்ததல்ல என்று அவள் கைக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"லாக்லன், பல்லு ரெண்டு பக்கமும் சாயவே இல்ல. அதான் கவ்வுது. தீட்டட்டுமா?"

"இங்கயா? எல்லார் முன்னாடியுமா?"

"கவ்வினது எல்லார் முன்னாடியும்தானே?"

அவன் தலையாட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்து, அரத்தை ஓட்டினாள். அது முடிகிறவரை யாரும் நகரவில்லை. மர்ரே மறுபடி அறுத்தார். பூசணிக்காயில் கத்தி போவதுபோலப் போயிற்று. பித்தளையின் கனமே அதைக் கீழே இறக்கியது. தன் மஞ்சள் ரம்பத்தைவிட அது ஒரு படி மேல் என்பது வெரிட்டிக்குப் புரிந்தது. பல் தன்னுடையதுதானே என்று நிமிர்ந்தே நின்றாள்.

"இது வேணும் எனக்கு," என்றார் மர்ரே. "ஆனா பன்னெண்டுக்கு இந்த விலை கட்டாது."

"லாக்லன், பூவை எடுத்துட்டா எவ்வளவு?" என்று கேட்டாள் வெரிட்டி.

அவன் யோசித்தான். "பூவுக்குத்தான் ரெண்டு நாள் போகுது. வெறும் பிடின்னா... பல்லு நீ போடுவியா?"

"வேற யாரு போடுவா?"

ஒன்று நூற்றறுபது டாலர் என்று பேசி முடித்தார்கள். மர்ரே இருவர் கையையும் குலுக்கிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் ஓர் ஆள் வந்து மஞ்சள் ரம்பம் ஒன்று கேட்டான். வெரிட்டி எடுத்துக் கொடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். மரம் தேய்க்கும் அரத்தால் பிடியின் விளிம்பை உருட்டி, பெயின்ட் போய் ஒட்டுப்பலகை பல்லிளிக்கும்வரை தேய்த்தாள். தன் கையில் பிடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு நீட்டினாள்.

"தொண்ணூறுதானே?" என்றான் அவன்.

"அது காலைல. இப்போ நூறு," என்றாள் வெரிட்டி.