சுயம்புலிங்கம் வீட்டுத் தங்கப் படிக்கம்

முப்பத்தெட்டாம் வருஷம் ராஜபாளையத்தில் பீங்கானுக்குத் தங்கம் பூசத் தெரிந்தவர் தேவநேசன் ஒருவர்தான். வடக்கே ஒரு பீங்கான் ஆலையில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். மதுரையிலிருந்து வெள்ளைக் கோப்பைகளை வாங்கி வந்து, விளிம்பில் தங்கக் கோடு இழுத்து, கொல்லையில் கட்டியிருந்த சின்னச் சூளையில் சுட்டு விற்பார்.

ஒருநாள் பருத்திக் கொட்டை நீக்கும் ஜின்னிங் பாக்டரி முதலாளி சுயம்புலிங்கம் ஒரு பெரிய வெள்ளைப் பீங்கான் படிக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வெற்றிலை போட்டுத் துப்புகிற படிக்கம்.

"ஏலே தேவநேசா, இதுக்கு உள்ளயும் வெளியயும் தங்கம் பூசணும்."

"உள்ளுக்குள்ளயுமா அண்ணாச்சி? அங்கனதான துப்புவாக?"

"துப்புறவனுக்குத் தெரிய வேண்டாமா? ஸ்ரீவில்லிபுத்தூர் காசிராஜன் வீட்டுல வெள்ளிப் படிக்கம்லே. அதுல துப்பிட்டு வந்ததுல இருந்து எனக்கு ஒறக்கமில்ல."

எண்ணெய் வியாபாரி காசிராஜனின் மகளைத்தான் சுயம்புலிங்கம் தன் மகனுக்குப் பேசியிருந்தார். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று. ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆனால் கல்யாணம் எந்த ஊரில் என்பதில் ஒரு வருஷமாகச் சண்டை. காலையில் சாப்பிட்டுவிட்டு மாட்டு வண்டியில் கிளம்பினால் பசிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிடும் தூரம்தான். கல்யாணத்துக்கென்று அந்தத் தூரத்தை இரண்டு பேருமே தாண்ட மாட்டேன் என்றார்கள்.

தேவநேசன் வேலையைத் தொடங்கினார். புட்டியில் வரும் தங்கம் பார்வைக்குக் கருப்பட்டிப் பாகு மாதிரிதான் இருக்கும். வழவழப்பான பீங்கான்மேல் அதை மெல்லிசாகத் தூரிகையால் இழுக்க வேண்டும். விரல் பட்டால் பட்ட இடம் ஊதாக் கறையாக நின்றுவிடும். பூசி முடித்ததை எட்டிப் பார்த்த சுயம்புலிங்கம் பதறினார்.

"என்னலே இது, சாணி மெழுகுன மாதிரி இருக்கு?"

"சூளைக்குள்ள போயிட்டு வரட்டும் அண்ணாச்சி. பொறவு பாருங்க."

மறுநாள் சூளையைத் திறந்தபோது படிக்கம் கண்ணாடியாக மின்னியது. தேவநேசனின் மனைவி அன்னாள் உள்ளே எட்டிப் பார்த்துத் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று தன் கையில் அமைந்ததில்லை என்று தேவநேசனுக்குத் தோன்றியது. யாராவது முதல் ஆளாக அதில் துப்புவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று, கல்யாணப் பேச்சு நடக்கிற அன்றைக்கு அவரே அதைக் கொண்டுபோய்ச் சுயம்புலிங்கம் வீட்டுச் சபை நடுவில் வைத்தார்.

காசிராஜனும் அவர் மனைவி பரிபூரணமும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். சுயம்புலிங்கத்தின் மனைவி தங்கபாய் எல்லாருக்கும் வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். புகையிலையைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். தான் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

செத்த நேரத்தில் எல்லார் வாயும் நிறைந்தது. காசிராஜன் படிக்கத்தின் பக்கம் குனிந்தார். உள்ளே தங்கத்தில் அவர் முகமே அவரைப் பார்த்தது. லட்சுமிமேல் எப்படித் துப்புவது? நிமிர்ந்துவிட்டார். சுயம்புலிங்கமும் குனிந்தார், நிமிர்ந்தார். பரிபூரணம் குனியவே இல்லை.

"சும்மா துப்புங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது. கழுவுனாப் போயிரும்" என்றார் தேவநேசன். யாரும் அசையாததில் அவருக்கு மனசு வலித்தது. வெற்றிலைப் பழக்கம் இல்லாவிட்டாலும் தானே துப்பிக் காட்டிவிடலாம் என்று படிக்கத்தை நெருங்கினார். சுயம்புலிங்கம் வாயைத் திறக்காமலே "ம்ம்ம்!" என்று உறுமி, படிக்கத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எழுந்து வெளியே போகவும் வழியில்லை. சம்பந்தம் பேசும்போது முதலில் எழுந்தவர் பேச்சை முறித்தவர் என்றாகிவிடும். மூன்று பேரும் சாறு வழியாமலிருக்க முகவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கபாய் அவர்களை நிதானமாகப் பார்த்தாள்.

"அண்ணே, கல்யாணத்த ராசபாளையத்துலயே வச்சுக்கிடுவமா?"

காசிராஜன் வேகமாகத் தலையை ஆட்டினார். முகவாய் மேலே இருந்ததால் அது மேலும் கீழும் ஆடியதா, பக்கவாட்டில் ஆடியதா என்று சொல்ல முடியவில்லை.

"சரிங்கிறாக. மதினி, ஒங்களுக்கும் சம்மதந்தான?"

பரிபூரணம் இரண்டு கையையும் ஆட்டினாள்.

"பாருங்க, வாழ்த்துறாக. பொறவு, மருமக வாறதுக்குள்ள அவிய மாடியில ரெண்டு ரூம் கட்டுறதாச் சொன்னாக. அப்படித்தான?" என்று புருஷன் பக்கம் திரும்பினாள். சுயம்புலிங்கத்தின் கண்கள் பிதுங்கின. தலை தானாக ஆடியது.

"அப்போ எல்லாம் பேசி முடிஞ்சிச்சு. எந்திரிக்கலாம்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கொல்லைக்கு ஓடினார்கள். கிணற்றடியில் நின்ற வெள்ளை அரளி சிவப்பு அரளியானது. வாய் காலியானதும் காசிராஜன் கத்தினார்.

"நான் வேண்டாம்னுல்லா ஆட்டுனேன்!"

"நான் மட்டும் ரூம் கட்டுறேன்னா சொன்னேன்?" என்றார் சுயம்புலிங்கம்.

"இத அங்கனயே சொல்லியிருக்கலாம்ல? யாரு ஒங்க வாயப் பொத்துனா?" என்றாள் தங்கபாய்.

துப்புவதற்குத் தைரியம் வரவில்லை என்று வெளியே சொல்ல முடியாது. ஆவணியில் ராஜபாளையத்தில் கல்யாணம் நடந்தது. மாடியில் சுவர் எழும்பியது.

கல்யாணம் முடிந்த மறுவாரம் பரிபூரணம் தேவநேசன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினாள்.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு பூசிக் குடுங்க. அதவிடப் பெருசா இருக்கட்டும். மூத்தவனுக்குப் பொண்ணு பாக்கோம்."

"செஞ்சிரலாம் ஆச்சி. ஆனா, ஒங்க வீட்டு அண்ணாச்சி அன்னைக்கோட வெத்தலையை விட்டுட்டாருன்னு கேள்விப்பட்டேனே?"

"போட வச்சுக்கிடுவேன்" என்றாள் பரிபூரணம்.

தேவநேசன் உள்ளே போய்ப் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.