முக்கால்வண்டி

ராக்கையா அம்மிக்கல்லைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டான். தவசியின் சைக்கிள் நடுத்தெருவில் மடங்கிப் படுத்தது. பின்சக்கரத்துக் கம்பிகள் தெறித்து, அதில் ஒன்று தவசியின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. கையைத் தூக்கி மறைக்கக்கூட அவனால் முடியவில்லை. இரண்டு கையின்மேலும் ஆளுக்கொருவன் ஏறி நின்றிருந்தான். இன்னொருவன் புளிய விளாறால் முதுகை உரித்துக்கொண்டிருந்தான். கடைசியாக ராக்கையா வாயிலேயே ஓர் உதை விட்டான். முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது.

"சாமி, விட்டுருங்க சாமி" என்று அழுதான் தவசி.

அவன் செய்த கொலைபாதகம் என்ன தெரியுமா? மேலத்தெருவில் சைக்கிளைவிட்டு இறங்காமல் வந்துவிட்டான். அவ்வளவுதான். போடியிலிருந்து மலைப்பக்கம் போகிற மண் பாதையில் இருக்கிற ஊர் அது. பேர் எதற்கு, சொன்னால் மட்டும் திருந்திவிடுவார்களா? கீழத்தெருக்காரன் தன் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். போகலாம், ஆனால் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும். அன்றைக்கு அவன் பொண்டாட்டி அன்னக்கொடிக்கு நல்ல காய்ச்சல். பின்னால் கேரியரில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் விழுந்துவிடுவாள் என்று ஒரே மூச்சில் மிதித்துவிட்டான்.

புருஷன் பொண்டாட்டி இரண்டு பேருக்கும் தொழில் சைக்கிள் வித்தை. போடிச் சந்தை மைதானத்திலும், மலைமேல் ஏலத்தோட்டங்களில் சம்பள நாளிலும் வட்டம் போட்டு ஆடுவார்கள். தவசி ஹேண்டில்பாரின்மேல் நின்றுகொண்டு சுற்றுவான், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஒற்றைச் சக்கரத்தில் போவான். அன்னக்கொடி முழுச் சைக்கிளைப் பல்லால் கடித்துத் தூக்குவாள். அவளும் நன்றாக ஓட்டுவாள், ஆனால் மைதானத்துக்குள் மட்டும்தான். ஊர் ஊராகப் போய்க் கைத்தட்டு வாங்கினவனுக்குச் சொந்த ஊர்த் தெருவில் கிடைத்தது இதுதான்.

அடிகூட வலிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவள் கண்முன்னால் 'சாமி சாமி' என்று அழுதோமே, அதுதான் தவசிக்கு வலித்தது.

இத்தோடு விட்டார்களா? அடி வாங்கினவனையே சாவடிக்குக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்க வைத்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் அழகுமலை, ஊருக்குப் பெரியதனம், ராக்கையாவின் அப்பன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"இந்தாரு, இன்னைக்கிச் சொல்றதுதேன். கீழத்தெருப் பய எவனும் இந்தத் தெருவுல சீட்டுல குண்டிய வச்சு உக்காந்து போகக் கூடாது. வச்சா, காலு இருக்காது."

தவசி நிமிர்ந்து பார்த்தான். வீங்கிய வாயைத் திறந்து பணிவாகக் கேட்டான். "உக்காந்தாத்தேன் குத்தங்களா சாமி?"

"ஆமாடா."

"உக்காராமப் போனாக் குத்தமில்லையே?"

"உக்காராம எப்பிடிடா போவ? உருட்டிக்கிட்டுத்தேன போவ, கேனப்பயலே" என்றார் அழகுமலை. சாவடியே சிரித்தது. தவசியும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான். பெரிய மனுசர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கே ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

மறுவாரம் புருஷனும் பொண்டாட்டியும் போடியில் சுந்தரராஜ் கடையில் போய் நின்றார்கள். வாடகைச் சைக்கிள் கடை. கழித்துப்போட்ட வண்டிகளை அங்கேதான் வாங்குவது வழக்கம். சுந்தரராஜ் வேதக்காரர், கோபக்காரர், ஆனால் சைக்கிள் என்றால் உயிர். தவசியின் முகத்தைப் பார்த்ததும், "எந்த நாய்டா இப்பிடிப் பண்ணுச்சு?" என்று கத்தினார். பிறகு பதிலுக்குக் காத்திராமல் ஓர் அரைவண்டியை இழுத்து வந்து நிறுத்தினார். பிள்ளைகள் ஓட்டுகிற சின்னச் சக்கர வண்டி. இத்தனை காலமும் தவசி ஆடியது அதில்தான்.

"அது வேணாண்ணே. பெரிய சக்கரம் வேணும்" என்றான் தவசி.

"கூறுகெட்டுப் போச்சா? வித்தைக்கு அரைவண்டிதேன். ஒரு தாம்பாளத்துக்குள்ள சுத்தலாம்."

"தாம்பாளத்துக்குள்ள சுத்துனது போதும்ணே. தெருவுல போகணும்."

மேலத்தெருவின் நடுவே குறுக்காக ஒரு வாருகால் ஓடுகிறது. வீட்டுச் சாக்கடையெல்லாம் அதில்தான் விழும். மேலே மூடி கிடையாது. அரைவண்டியின் சின்னச் சக்கரம் அதில் இறங்கினால் சிக்கிக்கொள்ளும், மேலே நிற்கிறவன் தலைகுப்புற விழ வேண்டியதுதான். பெரியவர்கள் ஓட்டுகிற முழுவண்டி வாருகாலைத் தாண்டிவிடும், ஆனால் அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு முன்சக்கரத்தைத் தூக்க முடியாது, நின்ற இடத்தில் திருப்பவும் முடியாது. தவசி ஒவ்வொரு வண்டியாக எடுத்துக் கடைக்கு முன்னாலிருந்த வாருகாலில் விட்டுப் பார்த்தான். அரைவண்டி விழுந்தது. முழுவண்டி தாண்டியது, ஆனால் அடங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்கால்வண்டி மூலையில் கிடந்தது. சிவப்புப் பெயின்ட் உரிந்துபோன பழசு. அதன்மேல் ஏறி நின்று வாருகாலில் விட்டான். லேசாகத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்து முன்சக்கரத்தைத் தூக்கினான். எழுந்து நின்றது.

"இதுதேன்" என்றான்.

"இரு, நானும் பாக்குறேன்" என்று அன்னக்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கால் பெருவிரல் பெடலைத் தொட்டது. "எனக்கும் எட்டுது. இதையே எடு மாமா."

"ஒனக்கு எட்டி என்னத்தா ஆகப்போகுது?"

"கெடக்கட்டும், எடு."

சுந்தரராஜ் திட்டிக்கொண்டே ஃப்ரீவீலைக் கழற்றினார். பின்னால் மிதித்தால் வண்டியும் பின்னால் போகிற மாதிரி பல்சக்கரத்தை வெல்டு வைத்து இறுக்கினார். கம்பியெல்லாம் புதிதாகத் தடிக் கம்பியாகப் போட்டார். "வெட்டுக்குத்துன்னு வந்தா என் பேரைச் சொல்லாத" என்றார். ஆனால் தெருமுனைவரை கூடவே வந்து வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பழகுவதற்குப் போடிமெட்டுச் சாலைதான் சரி. தோட்டத்து ஜீப்பில் வண்டியைக் கட்டி மேலே கொண்டுபோனான். அங்கேயிருந்து சீட்டின்மேல் நின்றபடியே ஒவ்வொரு வளைவாக இறங்கினான். முதல் நாள் முழங்கைத் தோல் முழுவதும் தார் ரோட்டோடு போயிற்று. அடுத்த தடவை நெற்றி பிளந்தது. ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போன மலையாளத்து ஜீப்பு டிரைவர் எட்டிப் பார்த்து, "எந்தா அண்ணே, சாகணும்னு நேர்ச்சையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ராத்திரி அன்னக்கொடி மஞ்சளை வைத்து அழுத்தும்போது அழுதாள். "யோவ், செத்துகித்துப் போயிட்டீன்னா ஒன்னைய நானே கொன்னுருவேன்" என்றாள். தவசி ஓட்டைப் பல்லோடு சிரித்தான். விழுந்து விழுந்து எழுந்ததில் வண்டி அவன் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் இருக்கும்போதே, மேலத்தெரு முனையில் சீட்டின்மேல் ஏறி நின்றான். அன்னக்கொடி முன்னாடியே நடந்துபோய்த் தெருவின் அந்தக் கடைசியில் காத்திருந்தாள். முனையில் இருக்கிற இறக்கம் வண்டியைத் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. தவசி இரண்டு கையையும் விரித்தான்.

முதலில் பார்த்தவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சீட்டில் ஒரு கால், ஹேண்டில்பாரில் ஒரு கால். காலாலேயே திருப்பிக்கொண்டு ஒருவன் தெருவில் வருகிறான். பொம்பளைகள் முறத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். பிள்ளைகள் ஓவென்று பின்னால் ஓடின. எவனோ விசிலும் அடித்துவிட்டான்.

சாவடியில் அழகுமலை எழுந்து நின்றார். "டேய்! எறங்குடா!"

"உக்காரலயே சாமி!" என்று மேலேயிருந்து கத்தினான் தவசி. "சீட்டுல காலுதேன் வச்சிருக்கேன்! குண்டிய வைக்கல, நல்லாப் பாத்துக்கங்க!"

மேலத்தெருவே கொல்லென்று சிரித்தது. வினை அங்கேதான் பிடித்தது. தன் பேச்சை மீறியிருந்தால்கூட அந்த மனுசர் தாங்கியிருப்பார். தன் பேச்சை வைத்தே தன் தெரு தன்னைப் பார்த்துச் சிரித்ததைத் தாங்க முடியவில்லை. முகம் செத்துப்போயிற்று.

தவசிக்கு அது கண்ணில் படவில்லை. வாருகால் வந்தது. முக்கால்வண்டி ஒரு குலுக்குக் குலுக்கித் தாண்டியது. அவன் நின்றது நின்றபடி இருந்தான். பிறந்ததிலிருந்து இந்தத் தெருவைக் குனிந்தே பார்த்தவன், இன்றைக்குத்தான் இங்கே இருக்கிற ஓட்டுக்கூரைகளைப் பார்க்கிறான். சந்தோசத்தில் அழுகை முட்டியது. இன்னும் பத்து வீடுதான். கடைசியில் அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது.

ராக்கையா ஒரு வீட்டு வாசலிலிருந்து உலக்கையோடு வந்தான். சீட்டில் நிற்கிறவனின் முழங்கால் அவன் நெஞ்சு உயரத்துக்கு வசமாக இருந்தது. இரண்டு கையாலும் ஓங்கி ஒரே வீச்சு. எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. தவசி அப்படியே தரையில் விழுந்தான். ஆளில்லாத வண்டி மட்டும் கொஞ்ச தூரம் நேராகப் போய், அன்னக்கொடியின் காலடியில் சாய்ந்தது.

தவசி தலையைத் தூக்கிப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது, தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தது. ராக்கையா அவனைத் தாண்டி வண்டியை உடைக்கப் போனான்.

அன்னக்கொடி கத்தவில்லை. குனிந்து வண்டியைத் தூக்கினாள். பல்லால் தூக்குகிறவளுக்குக் கையால் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? முழு வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி அவன் மூஞ்சியில் அடித்தாள். பெடல் வாயில் இறங்கியது. அவன் கையிலிருந்த உலக்கை உருண்டது. வாயைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டவன் விரல் இடுக்கில் ரத்தமும் பல்லும் வந்தன. "கிட்ட வாங்கடா" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "எவன் வர்றான், வாங்கடா!"

ஒருத்தனும் வரவில்லை. ஆஸ்பத்திரி போடியில். போடிக்குப் போக வேண்டுமென்றால் வந்த தெருவிலேயே திரும்ப வேண்டும். தவசியின் தலைத்துண்டை உருவி, கிடந்த உலக்கையோடு சேர்த்து அவன் காலை இறுக்கிக் கட்டினாள். அலறினவனைத் தோளில் தூக்கிக் கேரியரில் வைத்தாள். அவன் கையை இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள், ஏறி, சீட்டில் நன்றாக உட்கார்ந்தாள்.

"ஏய்! எறங்குடி!" அழகுமலை சாவடியைவிட்டு இறங்கி, வாருகாலைத் தாண்டிக் குறுக்கே வந்தார். "உக்காந்து போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக" என்றாள் அன்னக்கொடி. "சொன்னபடி நின்னுக்கிட்டே வந்தாரு. காலை ஒடிச்சீக. இனி என்னத்துக்கு நிக்கணும்?"

மிதித்தாள். வண்டி நேராக அவர்மேல் வந்தது. அழகுமலை ஒதுங்கினார், வேறு வழியில்லை. செயின் சத்தமும் தவசியின் முனகலும் மட்டும் கேட்டன. அவன் அவள் முதுகில் முகத்தை வைத்திருந்தான். காய்ச்சல்காரன் மாதிரி உடம்பு தூக்கிப் போட்டது.

தூரத்தில் வாருகால் தெரிந்தது. எந்தச் சைக்கிள்காரனும் பள்ளம் வந்தால் சீட்டைவிட்டுக் கொஞ்சம் எழும்பிக்கொள்வான். தவசி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "குலுங்கும் புள்ள. எந்திரிச்சுக்க."

"மாட்டேன்" என்றாள் அன்னக்கொடி.

முன்சக்கரம் வாருகாலில் இறங்கி ஏறியது. பின்சக்கரமும் இறங்கி ஏறியது. தவசி உயிர் போகிற மாதிரி கத்தினான். அவள் சீட்டைவிட்டு எழும்பவே இல்லை.