இரு தரப்பும் ஏற்றுக்கொண்டது

இறைச்சி வேண்டாம், பால் வேண்டாம், தேன்கூட வேண்டாம் என்கிற வீகன் சங்கத்துக்கு ஒரு பல் டாக்டர் தலைவர். எதிரே கோழிப்பண்ணை முதலாளி. பண்ணைகளைப் பற்றி இரண்டு பேரும் ஒத்துப்போகிற ஒரே ஒரு வரியாவது வாங்கிவிட நடுவில் சமரசம் பேசும் எங்கள் ஆபீஸ் மேடம் தலைகீழாக நின்று பார்த்தார். பேச்சை டைப் செய்வது என் வேலை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அந்த டிகிரிக்கு ஏசி அறையில் நாற்காலி கிடைத்தது. வாய் திறக்கும் உரிமை கிடைக்கவில்லை.

"நீங்க நடத்தறது பண்ணை இல்ல சார், ஜெயில்."

"நீங்க பல்லைப் பிடுங்கறப்ப தாலாட்டா பாடறீங்க?"

மதியம் வரை இதே கூத்து. பிறகு டாக்டர் சுவரில் ஒரு வீடியோ போட்டார். முதலாளியின் கொட்டகைக்குள் அவர்கள் ஆள் ஒருவன் ஒளிந்து எடுத்தது. முகம் எதுவும் தெரியவில்லை. கையுறை போட்ட இரண்டு கைகள் கோழிகளைக் கொத்தாகத் தூக்கிக் கூண்டுக்குள் திணித்தன. வெளியே லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஒரு பெண் குரல்: "வாடி மகாராணி, பல்லக்கு ரெடி!"

என் விரல்கள் நின்றுவிட்டன. அக்காவின் குரல். பள்ளிக்கூட நாட்களில் போர்வையை உருவி என்னை எழுப்பியதும் இதே வார்த்தைதான். என்னைப் படிக்கவைத்ததும் அந்தக் கைகள்தான்.

"கிண்டலைக் கேட்டீங்களா? சாகப்போற உயிர்கிட்ட!" டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி அன்றைக்கு முதல்முறையாகத் தலையாட்டினார். "தப்புதான் டாக்டர். இந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்கும் கெட்ட பேரு."

மேடத்தின் முகம் மலர்ந்தது. "எழுதும்மா! கோழிகளைக் கொடுமைப்படுத்தும் தொழிலாளர்கள் மீது நடவடிக்கை. இரு தரப்பும் ஏற்கின்றன."

எழுதினேன். கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்: லாரி அவசரப்படுத்தக் கூடாது, ஆட்கள் எண்ணிக்கையைக் கூட்டி, நிதானமாகப் பிடிக்க நேரம் தர வேண்டும்.

"இதை யாரு கேட்டா? ஆளைக் கூட்டினா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

"எங்களுக்கும் வேண்டாம்" என்றார் டாக்டர். "பண்ணையே கூடாதுங்கறோம். நிதானமா கொல்லுங்கன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"கோழிக்கு வலி குறையும் டாக்டர். பிடிக்கறவங்களுக்கும் கை விட்டுப்போகாது" என்றேன்.

"இது கொள்கை விஷயம்மா. உனக்குப் புரியாது."

வரியை அழித்தேன். அதிலும் ஒத்துப்போய்விட்டார்கள்.

"வீடியோவை அனுப்புங்க டாக்டர். சூப்பர்வைசர்கிட்ட போட்டுக் காட்டினா குரலை வெச்சே ஆளைப் பிடிச்சிருவான்" என்றார் முதலாளி.

"ஹாரன் அடிச்சவனையும் பிடிப்பீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"உன் வேலையைப் பாரு" என்றார் மேடம்.

காலையில் கைகுலுக்க மறுத்த இருவரும் ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். வீடியோ போய்ச் சேர்ந்த சத்தம் எனக்கும் கேட்டது.

மாடிப்படியில் நின்று அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"அதுங்க கத்தறது காதுல விழக் கூடாதுன்னு எதையாவது உளறிட்டே பிடிப்பேன். அது குத்தமாடி?"

"நான் இந்த வேலையை விட்டுடறேன்க்கா."

"விட்டுப் பாரு, காலை ஒடிச்சிருவேன். நான் வேற பண்ணையில வாயை மூடிட்டுப் பிடிச்சுக்கறேன். நீ உள்ள போய் டைப் பண்ணு."