பழுப்பு ஏறும் வரை

வடிவம்மாளின் மார்புக் கட்டியில் ஹார்மோன் சோதனைச் சாயம் ஏறவேயில்லை. கட்டாயம் பழுப்பாக வேண்டிய ஒப்பீட்டுத் துண்டும் வெளிறிக் கிடந்தது. அதை நம்பி நெகட்டிவ் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சனியன், வேகவில்லை! திசு குக்கரில் சரியாக வேகாவிட்டால், சாயம் பிடிக்கவைக்கும் ஆன்டிபாடி ஒட்டாது. புது ஸ்லைடைக் கூடுதல் நேரம் வேகவிட்டேன். ஆன்டிபாடியை மறுபடி சொட்டிவிட்டு, குட்டி போட்ட பூனையாக லேபைச் சுற்றினேன்.

மூன்று மணிக்குப் பளிச்சென்று பழுப்பு ஏறியிருந்தது. டாக்டர் பார்த்துத் தலையசைத்ததும், வாசலில் காத்திருந்த வடிவம்மாளின் கணவர் லிங்கத்திடம் ஓடினேன்.

“அண்ணா, பாசிட்டிவ்!”

சாலை பஜாரில் மூட்டை தூக்குகிற அந்த மனிதர் படியிலேயே சரிந்து உட்கார்ந்தார். “அப்போ எல்லாம் தீந்துதா, மேடம்?”

என் வாய்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

“இல்லண்ணா. இந்த டெஸ்ட்ல பாசிட்டிவ்னா நல்லது. கட்டி ஹார்மோன் மாத்திரைக்குக் கேக்கும்.”