வாயுள்ள வீட்டுக்கு முதல் மிஷின்

சாம்பிளை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஃபில்டர்காரன் ஒருநாளும் தடுமாறியதில்லை. மளிகைக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவன். தேவைப்படுகிறவனுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவான். வாயுள்ளவனுக்குக் கொடுத்தால் ஊரையே கடைக்கு இழுத்து வருவான். அதனால்தான், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மிஷினைத் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்த முதல் நாளில், நேராகச் ‘சங்கு’ வீட்டுக்குப் போனான்.

சங்கு என்பது பட்டப்பெயர். அந்த அம்மாள் பேச ஆரம்பித்தால் ஆலைச் சங்கு ஊதுவதுகூடக் கேட்காது. குழாயில் சாக்கடை கலந்து வந்த காலத்தில், அதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு தண்ணீர் வாரிய அலுவலகத்துக்குப் படையெடுப்பாள். பின்னால் தெருவே போகும். அவள் சமையலறைச் சுவரில் மிஷினை இனாமாக மாட்டினான். அன்றிலிருந்து அந்த வாய் அவனுக்கு விளம்பரம். தெருவின் மேல்பாதியான மேல்தெரு முழுக்க மிஷின் ஏறியது. பிறகு பக்கத்துத் தெருக்கள். ‘லாபமும் ஈட்டி, சமூகத்தின் தாகமும் தீர்த்தவர்’ என்று கண்ணாடியில் பொறித்து விருது கொடுத்தார்கள். யாரோ வந்து செய்வார்கள் என்று காத்திருக்காதீர்கள் என்று மேடையில் பேசினான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

அதே தெருவின் கீழ்ப்பாதியான கீழ்த்தெருவில் ஒரு மிஷின்கூடக் கிடையாது. அதே குழாய்தான், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கி, தண்ணீர் வருவதற்குப் பதில் கசியும். மிஷினுக்குள் தண்ணீர் ஏற அழுத்தம் வேண்டும். கசிகிற தண்ணீரை வைத்துக்கொண்டு மிஷின் என்ன செய்யும்? கீழ்த்தெருவின் கடைசி வீடு அவனுடைய சொந்த அக்காவுடையது.

அக்கா மகள் மஞ்சள்காமாலையில் படுத்து, எழுந்து, மறுபடியும் படுத்துவிட்டாள்.

“குழாயையே மாத்தினாத்தான்டா இதுக்கு விடிவு” என்றாள் அக்கா. “இந்தத் தடவை ஒரே ஒரு தெருவுக்குத்தான் புதுக் குழாயாம். எந்தத் தெருன்னு புதன்கிழமை இன்ஜினியர் முடிவு பண்றாராம். இங்க எல்லாரும் கூலிக்குப் போறவங்க, ஒரு நாள் நின்னா வேலையே போயிடும். நான் இவளை விட்டுட்டு எங்க வர்றது? நீ கூப்பிட்டா மேல்தெரு வரும்டா. உன்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமே.”

அவனும் அப்படித்தான் நம்பினான்.

“வாங்க தம்பி, சர்வீஸா? மிஷின் தங்கமா ஓடுது” என்று வரவேற்றாள் சங்கு.

“அதுக்கில்லம்மா. புதன்கிழமை வாரிய ஆபீஸுக்கு வரணும். குழாய் விஷயமா.”

“எந்தக் குழாய்?”

அவன் வாசல் பக்கம் கைகாட்டினான்.

“நம்ம தெருக் குழாய்தாம்மா. நீங்க எத்தனை தடவை போய்க் கிழிச்சிருக்கீங்க!”

“அது அப்போ. நல்ல தண்ணியைக் குடிச்சிட்டு, நாறுற தண்ணி வருதுன்னு போய்க் கத்தினா குரல் எழும்புமா? நடிப்பெல்லாம் நமக்கு வராது தம்பி. முட்டி வேற வலிக்குது.”

“கீழ்த்தெருவுல பிள்ளைங்களுக்கு முடியலம்மா.”

“ஐயோ பாவம். அவங்களுக்கும் ஒண்ணு மாட்டி விட்டுடுங்களேன். உங்க கை ராசியான கையாச்சே!”

பாராட்டாகத்தான் சொன்னாள். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சர்வீஸ் என்று சொல்லி இந்த மிஷினைக் கழற்றிக்கொண்டு போனால் என்ன என்று ஒரு யோசனை ஓடியது. இரண்டே நாளில் சங்கு தானாக ஊதும். கை பைக்குள் போய் ஸ்பானரைத் தொட்டும் விட்டது. அதற்குள் அவளுடைய பேத்தி ஓடிவந்து மிஷினடியில் டம்ளரை நீட்டினாள். அவன் பையை மூடிக்கொண்டு எழுந்தான்.

மற்ற வீடுகளிலும் காபி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. “நீங்க ஒரு போன் போட்டா முடியாதா சார்? உங்க செல்வாக்கு என்ன!” என்று அவனுக்கே தூபம் போட்டு அனுப்பி வைத்தார்கள்.

புதன்கிழமை, வாரிய அலுவலகக் கூடத்தில் ஒரு பக்கம் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். மறுபக்கம் ஊரின் இன்னொரு கோடியிலிருந்து வந்த மேட்டுத்தெருக்காரர்கள் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்று, இன்ஜினியர் தலை தெரியும்போதெல்லாம் குரல் கொடுத்தார்கள்.

“உங்க தெருவா?” இன்ஜினியர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “முன்னாடி ஒரு அம்மா வருவாங்க. அவங்க குரல் கேட்டாலே நான் பின்வாசல் வழியா ஓடிடுவேன். அப்புறம் வர்றதே இல்ல. சரி, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“சரியாகல சார். கீழ்த்தெருவுல...”

“நீங்க அந்த ஃபில்டர் கம்பெனிதானே? குழாயை மாத்திட்டா உங்க கடைக்குப் பூட்டு போட்டுட வேண்டியதுதானே!” சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கூட்டம் வந்தா மேலிடத்துக்கு நான் பதில் சொல்லலாம். ஒருத்தர் வந்தா என்னன்னு சொல்றது?”

புதுக் குழாய் மேட்டுத்தெருவுக்குப் போனது. கூடம் ஆர்ப்பரித்தது. வெளியேறும்போது அவர்களில் ஒரு தையல்காரர் அவனை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்க மிஷின் வரும் வரும்னு எவ்வளவு நாள் பார்த்தோம் சார்! நீங்க எங்க பக்கம் எட்டியே பார்க்கல. அப்புறம்தான் வேற வழியில்லாம எல்லாருமா இங்க வந்து உட்கார்ந்துட்டோம்.”

மேட்டுத்தெருவை ஒருமுறை நோட்டம் விட்டு, வாங்குகிற முகம் ஒன்றும் இல்லை என்று அவன் திரும்பியது உண்மைதான்.

கூடம் காலியானது. ஊழியர் ஒருவர் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார். அவன் உட்கார்ந்தே இருந்தான். பழக்க தோஷம், மனம் அதன்பாட்டுக்கு ஒரு சின்ன மோட்டாரை வரைய ஆரம்பித்தது. மிஷினுக்கு முன்னால் வைத்தால் கசிவையும் உறிஞ்சி இழுக்கும். அக்கா வீட்டுக்குத் தண்ணீர் வரும். இழுத்த இழுப்பில் பக்கத்து வீட்டுக்குக் கசிவதும் நின்றுபோகும். அவர்களும் ஒன்று வாங்குவார்கள். அதற்கடுத்த வீடும் வாங்கும். நன்றாக விற்கும். தன் யோசனை ஒன்று விற்றுவிடுமோ என்று அவன் பயந்தது அதுதான் முதல்முறை.

போன் அடித்தது. அக்கா.

“என்னடா ஆச்சு?”

“கிடைக்கலக்கா.”

பின்னால் பிள்ளை முனகுவது கேட்டது.

“யார் யார் வந்திருந்தாங்க?”

“நான் வந்தேன்” என்றான்.

அக்கா அடுத்த பெயருக்காகக் காத்திருந்தாள்.