கேக் டின்னில் ஒரு கேள்வி

அப்பாவின் கேள்வியைப் பாதியாக வெட்டியது நான்தான். அது தெரிந்த பிறகும் பதினோரு நாள் அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன்.

எங்கள் வீடு விவேக் நகரில், கோயிலிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் அம்மா உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். முடி ஏன் கொட்டுகிறது, நெஞ்சு ஏன் எரிகிறது, பிள்ளை ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது. எல்லாவற்றுக்கும் அம்மா சமையலறையிலிருந்தே பதில் எடுப்பாள். ராகி, மோர், நெல்லிக்காய், கறிவேப்பிலை, நேரத்துக்குத் தூக்கம். ஐந்து வருடத்துக்கு முன்பு அவளுக்குச் சர்க்கரை முந்நூற்று எண்பதைத் தொட்டது. சாப்பாட்டை மாற்றினாள். டாக்டரே ஒவ்வொரு மாத்திரையாகக் குறைத்தார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு சிந்தியா ஆன்ட்டி கேட்க, அவர் தங்கை கேட்க, கடைசியில் ஃபாதர் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார்.

அதற்கு முன்பு அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் டைப்பிஸ்ட். அந்த இருபத்தெட்டு வருடத்தில் அவளிடம் யாராவது கேட்ட ஒரே கேள்வி, "ஆயிடுச்சா மௌரீன்?" என்பதுதான். இப்போது நாற்பது பேர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைப் பிடிக்கும்போது அம்மாவின் கழுத்து கொஞ்சம் நீளும். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு ஒரு விதி இருந்தது. "இதயம், கிட்னி, கர்ப்பம். இது மூணும் நம்ம கடையில இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போங்க." ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்காவது இதைச் சொல்லிவிடுவாள். ஹாலில் பாதிப் பேர் அவளோடு சேர்ந்து சொல்வார்கள்.

கோயில் வாசலில் ஒரு பழைய கிறிஸ்துமஸ் கேக் டின் இருக்கும். அதன் மூடியில் கீறிய துவாரத்தில் கேள்விச் சீட்டுகளைப் போடுவார்கள். பெயர் எழுத வேண்டாம். டின்னை வெள்ளிக்கிழமை எடுத்துவருவோம். சீட்டுகளை நோட்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. சனங்கள் கேள்வி மட்டும் எழுத மாட்டார்கள்; மாமியார் சொன்னது, மருமகள் சொன்னது, பழைய வீட்டில் தண்ணீர் சரியில்லாதது எல்லாம் எழுதுவார்கள். "கதைய விடு ஆஞ்சலா, கேள்விய மட்டும் எழுது. கிட்னி, இதயம்னு வந்தா பக்கத்துல ஒரு சிலுவை போட்டுடு" என்பாள் அம்மா. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற கம்பெனி கேபில் உட்கார்ந்து இதைச் செய்வேன். எனக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. சீட்டில் கேள்விக்குறி எங்கே என்று பார்ப்பேன். அது முடிக்கிற வாக்கியத்தை மட்டும் எழுதுவேன்.

செப்டம்பர் மாதத்து வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மேம்பாலத்தில் கேப் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் முப்பது சீட்டு, அதற்கு அடியில் ஒரு நாவல். அதில் எனக்குப் பெயர் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு தூரதேசத்துத் துறைமுகம். கப்பல் கிளம்பப்போகிற பக்கத்தில் விரலை வைத்திருந்தேன். அந்தக் கப்பலில் கதாநாயகி ஏறுவாளா மாட்டாளா என்று தெரிய வேண்டியிருந்தது. சீட்டுகளை வேகமாக முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நோட்டைப் பார்த்து நான் வாசித்தேன்.

"கால் வீக்கம் இருக்கும்போது கீரைச் சாறு குடிக்கலாமா?"

"தாராளமா குடிக்கலாம்" என்றாள் அம்மா. "உப்பக் குறைங்க. காலையில எழுந்ததும் ஒரு டம்ளர் பாலக் சாறு. முடிஞ்சா ஒரு இளநீர். எங்க வீட்ல தினம் அதுதான்."

"பச்சையாவா மௌரீன்? நான் என்ன ஆடா?" என்றார் சிந்தியா ஆன்ட்டி.

"ஆட்டுக்குக் கால் வீங்கிப் பாத்திருக்கியா சிந்தியா?"

ஹாலே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதைக் கவனித்தேனா என்று தெரியவில்லை.

அதே மாதம் மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலையில் அப்பா ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்திருந்தார். பிடி எந்த இடத்தில் தளர்ந்தது என்று என்னால் சொல்ல முடியும், சிக்னலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடை. ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் பொட்டாசியம் ஏழைத் தாண்டி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். "எட்டு மாசமா இங்கதான் கிட்னிக்கு வைத்தியம் பார்த்திருக்காரு, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் ஒரு சின்ன வயது டாக்டர். "காலையில என்ன சாப்பிட்டார்?"

அம்மா சொன்னாள். கீரைச் சாறு, ஒரு டம்ளர். பாதி இளநீர்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு திரும்ப எழுதினார்.

அப்பாவுடைய ஆஸ்பத்திரி ஃபைல் டூல்ஸ் பைக்குள், ஸ்பானர்களுக்கு அடியில் கிடைத்தது. மிக்ஸி ஜாரைக் கழுவி அடுப்படி மேடையில் கவிழ்த்து வைத்த அம்மா, அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்ததைச் சாப்பிட்டாள். மைதா பரோட்டா வந்தால் அதையும் சாப்பிட்டாள். வாய் திறந்தால் ஒரே வாக்கியம்தான்.

"ஒரு வார்த்தை கேக்கலையே என்கிட்ட. ஊரே கேட்டுச்சு."

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிளிஃபர்ட் அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பாவோடு பொம்மசந்திரா ஃபாக்டரியில் ஒரே மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவர். இருபது வருடம் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்.

"ஆஞ்சலா, ஒண்ணு சொல்லணும். சொன்னாலும் பேஜாரு, சொல்லாட்டியும் பேஜாரு."

"சொல்லுங்க அங்கிள்."

"போன மாசம் டின்ல ஒரு சீட்டு போட்டோம். உங்கப்பா ஞானம் சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். அவன் கையெழுத்துன்னா நீ கண்டுபிடிச்சிடுவியே, அதான்."

எனக்கு உடனே புரியவில்லை. "என்ன சீட்டு?"

"கிட்னி சீட்டு. உங்கம்மா சொல்வாங்கல்ல, நம்ம கடையில இல்லன்னு? அத அவங்க வாயால மைக்ல சொல்லட்டும், அன்னிக்குச் சாயங்காலமே 'மௌரீன், அந்த ஆளு நான்தான்'னு சொல்லிடுவேன்னான். ரிகர்சல் வேற. டீக்கடையில என்னை உங்கம்மாவா உக்கார வச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"வீட்லயே நேரா சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"நான் கேக்கலையா? 'இப்பத்தான்டா அவ பேச்ச நாலு பேரு கேக்குறாங்க. அவ புருஷனுக்கே கிட்னி போச்சுன்னா எவன் வருவான்? அவளே வேணாம்னு சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன், அவளுக்கும் வலிக்காது'ன்னான். எட்டு மாசமா பாதி டம்ளர மணி பிளான்ட்ல ஊத்திட்டுத்தான் இருந்தான்."

எங்கள் பால்கனி மணி பிளான்ட் இந்த வருடம் மட்டும் ஏன் வாடுகிறது என்று அம்மா பல தடவை கேட்டிருக்கிறாள். அதற்கும் அவளே ஏதோ பதில் சொல்லியிருப்பாள்.

"அப்புறம்?"

"கேள்வி வந்துச்சு. கிட்னி மட்டும் வரலை. குடிங்கன்னுட்டாங்க. மறுபடி போடுவோம்டான்னு சொன்னேன். அவன் கேக்கலம்மா. 'ஆஞ்சு எழுதிக் குடுக்குறா. அத்தனை புஸ்தகம் படிக்கிற பொண்ணு, ஒரு வரி விட மாட்டா. எல்லாம் தெரிஞ்சுதான் மௌரீன் குடிக்கச் சொல்றா. அந்த டாக்டருக்குத்தான் தெரியல போல'ன்னான். அன்னியிலேர்ந்து முழு டம்ளரும் குடிச்சான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சீட்டு நனைஞ்சிருந்துச்சா? இல்ல என் கையெழுத்து புரியலையா?"

"தெரியல அங்கிள்" என்றேன்.

வீட்டில் கேக் டின் அலமாரிக்கு மேலே இருந்தது. செப்டம்பர் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு நானேதான் அதற்குள் வைத்திருந்தேன். அந்தச் சீட்டு நனைந்திருக்கவில்லை. கிளிஃபர்ட் அங்கிளின் எழுத்து அச்சுப் போல இருந்தது. எட்டு வரி. கேள்விக்குறி கடைசி வரியில் மட்டும்.

பதினோரு நாள் அதை என் நாவலுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். நாவலை அதற்குப் பிறகு படிக்கவில்லை. அந்தக் கப்பல் அப்படியே நிற்கிறது. கேபில் பல விதமாக யோசித்தேன். சொன்னால், அப்பா கேட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். கேட்டவரிடம் அவளே குடி என்று சொன்னதும் தெரியும். என்னைப் பற்றியும் தெரியும். சொல்லாவிட்டால், அப்பா தன்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று நம்பிக்கொண்டே அம்மா இருப்பாள். இரண்டில் எது சின்ன வலி என்று நான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் என் பயத்தையும் சேர்த்துவிட்டு, அதை அம்மாவின் வலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் லீவில் இருந்தேன். மத்தியானம் சிந்தியா ஆன்ட்டி வந்தார்.

"சண்டே வா மௌரீன். சும்னே, சும்மா ஒரு அஞ்சு நிமிஷம் உக்காரு. எல்லாரும் கேக்குறாங்க. எனக்கே முழங்கால் வலிக்குது, யாருகிட்ட கேப்பேன்?"

"டாக்டருகிட்ட கேளு."

"டாக்டரு என்னைப் பாத்து சிரிக்க மாட்டாரு."

அம்மா சிரிக்கவில்லை. "ஒரே வீடு, ஒரே கட்டிலு. அவருக்கே என்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு தோணல. நீங்கல்லாம் என்கிட்ட என்னத்தக் கேக்குறது சிந்தியா?"

ஆன்ட்டி எழுந்தார். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அறைக்குப் போய்ச் சீட்டை எடுத்தேன். அம்மா சாப்பாட்டு மேஜையில் அதே இடத்தில் இருந்தாள்.

"மம்மி, ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

"தூக்கிப் போடு."

"படிக்கிறேன். கேளு."

ஹாலில் படிக்கிற மாதிரி நின்றுகொண்டுதான் படித்தேன். எனக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது.

"வயது 61. எட்டு மாதமாகக் கிட்னி சரியில்லை. இரண்டும் கால்வாசிகூட வேலை செய்யவில்லை என்கிறார் டாக்டர்."

அம்மா தலையைத் தூக்கினாள்.

"கீரை, இளநீர், வாழைப்பழம் எதுவும் கூடாதாம், பொட்டாசியம் ஏறுமாம். எங்கள் வீட்டில் தினமும் காலையில் கீரைச் சாறு தருகிறார்கள். எனக்கு முன்பே எழுந்து, இலை இலையாகக் கழுவித் தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மனது வரவில்லை. இப்போது கால் வீங்குகிறது."

அம்மா கையை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள், டைப் அடிக்கப்போகிறவள் மாதிரி. மேலே படி என்று ஒரு விரலை அசைத்தாள்.

"கால் வீக்கம் இருக்கும்போது கீரைச் சாறு குடிக்கலாமா?"

வெளியே ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் தூரத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் போலப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"குடிக்கக் கூடாது. இது நம்ம கடையில இல்ல. டாக்டர் சொல்றதக் கேளுங்க." அவள் கழுத்து ஒரு கணம் நீண்டு, தாழ்ந்தது. "வீட்ல சொல்லிடுங்க. ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னிக்கு இதுல எத்தனை வரி படிச்சே?" என்று கேட்டாள்.

"கடைசி வரி மட்டும்."

"மீதி?"

"எழுதல மம்மி. கேள்விக்குறி மட்டும் பாத்தேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அம்மா கையை நீட்டிச் சீட்டை வாங்கினாள். கண்ணாடி இல்லாமல் அவளால் அதைப் படிக்க முடியாது. ஆனாலும் நெடுநேரம் பார்த்தாள்.

"இது கிளிஃபர்ட் எழுத்து."

"டாடி சொல்லச் சொல்ல எழுதினாராம்."

"கேட்டிருக்காரு" என்றாள். மறுபடியும் சொன்னாள், இந்த முறை இன்னும் மெதுவாக. "என்கிட்ட கேட்டிருக்காரு."

என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சீட்டை என் பக்கம் தள்ளினாள்.

"மொதல்லேர்ந்து படி. ஒண்ணும் விடாத."

படித்தேன்.