நாலு நாற்பது பஸ்ஸில் ஒரு வகுப்பு

மரிய செல்வி வியட்நாமில் நடத்திய ஆங்கில உரையாடல் வகுப்பு, திருமயத்திலிருந்து அரிமளம் போகும் நாலு நாற்பது டவுன் பஸ்ஸில், மூன்றாவது இருக்கையின் ஜன்னலோரத்தில் தினமும் கேட்டது. பக்கத்தில் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடங்களாக அது அவளுடைய இடம். ஜன்னலோரம் மரிய செல்வியுடையது. ஒரே பள்ளியில் ஆங்கிலம் நடத்திய இருவரும், பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை தமிழ் பேசுவதில்லை என்று விதி வைத்திருந்தார்கள். தவறியவள் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் வாங்கியவள் மரிய செல்விதான்.

வெளிநாட்டில் சம்பளமில்லாமல் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் கேட்டபோது, இருவரும் எழுதிய விண்ணப்பங்களையும் பிழை பார்த்தவள் செங்கமலம். நேர்காணலில், உங்கள் ஊரைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். செங்கமலம் பத்தாம் வகுப்புக்குத் தான் எழுதிக்கொடுக்கும் திருமயம் கோட்டைக் கட்டுரையை முன்னுரையிலிருந்து முடிவுரைவரை ஒப்பித்தாள். மரிய செல்வி, கண்டக்டர் தங்கமுத்து படிக்கட்டில் தொங்குபவர்களைத் திட்டுவதை நடித்துக் காட்டினாள், ஏழு பிழைகளோடு. அவளை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏழையும் செங்கமலம் இன்றும் வரிசையாகச் சொல்வாள்.

காலி ஜன்னலோரத்தில் கேட்ட வகுப்பு பயணிகளுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்த ஒரு பெண், மடிக்குள்ளிருந்து இருபத்துச் சொச்சம் பேர் குட் ஈவினிங் சொன்னதும் எழுந்துகொண்டாள். அப்புறம் யாரும் உட்காரவில்லை. செங்கமலம் மரிய செல்வியின் பிழைகளை எண்ணினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். தன் வகுப்பில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். இவளுக்குத் தொண்டை கட்டிப்போகட்டும் என்று ஒரே ஒரு முறை நினைத்தாள்.

நான்காம் மாதம் கட்டிப்போனது. அன்று அங்கே வகுப்பைப் பார்க்க மேலதிகாரி வந்திருந்தாள். ஆசிரியை பேசாவிட்டால் நாளையே ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று அவள் சொன்னது பஸ் முழுக்கக் கேட்டது. மரிய செல்வியிடமிருந்து காற்றுதான் வந்தது. செங்கமலம் பையிலிருந்த சில்லறையை எண்ணினாள். இரண்டு நிறுத்தங்கள் கடந்தன.

"ஏதாச்சும் பேசுங்க டீச்சர். பாவம், புள்ளைக கேட்டுக்கிட்டே இருக்குக" என்றார் தங்கமுத்து செங்கமலத்திடம்.

"அவுக எங்க பேசுவாக? அவ திரும்பி வரட்டும்னுல்ல காத்துக் கெடக்காக" என்றாள் பின்சீட்டுக்காரி.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குழந்தை ஆங்கிலத்தில் கேட்டது: "டீச்சர், பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்காருவாரே, பிழையே விடாதவர், இன்று அவர் என்ன சொன்னார்?"

தன்னைப் பற்றி அங்கே பேசப்பட்டிருப்பது செங்கமலத்துக்கு அதுவரை தெரியாது. நான்தான் அது என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். பின்சீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னாள், தங்கமுத்துவைப் போல் கத்தினாள், அரிமளம் வருவதற்குள் மூன்று பிழைகள் விட்டாள். வியட்நாமில் அத்தனையும் செங்கமலத்தின் குரலிலேயே மரிய செல்வியின் வாயிலிருந்து வந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மரிய செல்வி போனில் கூப்பிட்டாள். "தொண்டை சரியாயிருச்சுடி. ஆனா என் குரல்ல பேசுனா புள்ளைக மூஞ்சியத் தொங்கப்போடுதுக. அந்த இன்னொரு குரல் வேணுமாம்." அவள் பேச்சில் ஒரு கசப்பு இருந்தது. நான்கு மாதங்களாகத் தன் நெஞ்சுக்குள் கேட்ட அதே கசப்பு என்று செங்கமலம் உடனே கண்டுகொண்டாள். அன்று தனியாகப் போய் நான்கு பஜ்ஜி தின்றாள்.

மறுநாள் தங்கமுத்து டிக்கெட் மெஷினோடு வந்து நின்றார். "உள்ள எத்தன புள்ளைக டீச்சர்? எனக்குத் தலைக்கணக்கு வேணும்ல."

"என் வகுப்புல இருபத்திரண்டு. பொண்ணுக பதிமூணு."

பெண்களுக்கான இலவசச் சீட்டு பதிமூன்றை அடித்து ஜன்னலோரத்தில் வைத்தார். "பயலுகளுக்கு?"

"ஸ்கூல் புள்ளைகதானே, பாஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு, செங்கமலம் ஜன்னல் பக்கம் திரும்பிக் குட் ஈவினிங் சொன்னாள்.